சாட்சிக் கோட்டில் எழுதிய இலக்கம்

1. கிளிநொச்சியில் வங்கி என் கடன் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தது. கேட்ட பதினான்கு ஆவணங்களும், கேட்ட ஒழுங்கிலேயே கோப்பில் இருந்தன.

2. குறை ஆவணங்களில் இல்லை, என் கடன் அறிக்கையில் இருக்கிறது என்றார் கடன் பகுதியில் இருந்த பெண். நான் அதுவரை யாரிடமும் எந்தக் கடனும் எடுத்தவள் அல்ல.

3. என் அறிக்கையை நானே கேட்டுப் பெறச் சட்டப்படி உரிமை உண்டு என்பதையும் அவரே சொன்னார். கட்டணம் கட்டி, படிவம் நிரப்பிக் கொடுத்தேன்.

4. அறிக்கை வந்தது. கடன் பெற்றவர் என்ற பகுதி வெறுமையாக இருந்தது. பிணையாளர் என்ற பகுதியில் ஒரேயொரு பதிவு: ஒரு சிறுகடன் கம்பனி, நாற்பதாயிரம் ரூபாய், பல வருடங்களாகக் கட்டப்படவில்லை.

5. பிணையாளரின் அடையாள அட்டை இலக்கம் என்னுடையது. மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்பது இலக்கங்களும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தன.

6. அன்று திகதி ஏழு. கடை அறையின் சொந்தக்காரர் எனக்குத் தந்திருந்த தவணை, மாதக் கடைசி வரை.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மின்மோட்டார் திருத்துகிறவள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, பிறகு ஐந்து வருடங்கள் இன்னொருவரின் பட்டறையில் கொயில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் செப்புக் கம்பிச் சுருள், சுற்றினேன். கண்டாவளைப் பக்கத்து விவசாயிகளின் தண்ணீர் மோட்டார்கள்தான் பெரும்பாலும் வரும். காலபோக நெல் விதைப்புக்கு முன்னரும் மிளகாய்க் கன்று நட்ட பிறகும் நிலத்தில் கால் வைக்க இடமிருக்காது. வருகிறவர்கள் முதலாளியை விட்டு என்னைத் தேடத் தொடங்கிய வருடம், தனியாகத் தொடங்கலாம் என்று முடிவெடுத்தேன். சந்தைக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. மும்முனை மின்சாரம் ஏற்கனவே இழுத்திருந்தது. வாசல்வரை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வந்து திரும்பும். முற்பணத்துக்கும் கொயில் சுற்றும் இயந்திரத்துக்கும் சேர்த்துத்தான் அந்தக் கடன். அறையின் சொந்தக்காரர் வவுனியாவில் இருக்கும் ஒரு முஸ்லிம் வியாபாரி. நானா என்றுதான் கூப்பிடுவேன். அதே அறையை ஒரு கைபேசிக் கடைக்காரரும் கேட்டிருந்தார்.

"முதல் கேட்டது நீங்கதான் தங்கச்சி. மாசக் கடைசி வரைக்கும் வச்சிருப்பன். அதுக்குப் பிறகு என்னைக் குறை சொல்லப்படாது" என்றிருந்தார்.

அறிக்கையில் கம்பனியின் பெயரைக் கண்டதுமே எனக்கு இடம் தெரிந்துவிட்டது. உடையார்கட்டு முன்பள்ளிக் கட்டடம். புதன்கிழமை. நீல மை.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும் வரை வீட்டில் இருந்த காலம் அது. கம்பனியின் உத்தியோகத்தர் புதன்தோறும் மோட்டார் சைக்கிளில் வந்து பெண்களுக்குக் கடன் கொடுத்தார். படிவங்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தன. அங்கே வந்திருந்த பெண்களில் ஒருவருக்கும் இரண்டும் ஓடாது. எனக்கு ஆங்கிலம் ஓரளவு ஓடும், எழுத்தும் அழகு. ஆகவே நிரப்புகிற வேலை என்னிடம் வந்தது. ஒவ்வொரு படிவத்திலும் பெயர், முகவரி, தொழில், வருமானம் எல்லாம் எழுதி, கடைசியில் சாட்சி என்ற கோட்டில் கையெழுத்தும் வைத்தேன். "நம்பரையும் வடிவா எழுதிவிடுங்கோ தங்கச்சி" என்றார் உத்தியோகத்தர். எழுதினேன். அப்படி எத்தனை படிவங்கள் நிரப்பினேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. எண்ணி வைத்திருக்க வேண்டிய ஒன்றை நான் எண்ணாமல் விட்டது அபூர்வம். அந்த வயதில் அது உதவி என்றே நினைத்திருந்தேன்.

வவுனியாவுக்குப் போனேன். உடையார்கட்டுப் பக்கம் இருந்த கம்பனியின் கிளை அலுவலகம் மூடப்பட்டு, கணக்குகள் எல்லாம் அங்கே மாற்றப்பட்டிருந்தன. பேருந்து நிலையத்துக்குக் கிட்ட, மாடியில், 'கடன் அறிக்கை திருத்தித் தரப்படும்' என்று ஒரு பலகை தொங்கியது. முதலில் அங்கேதான் ஏறினேன். என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டால் நல்லது என்று நினைத்தேன்.

உள்ளே என்னைவிட இளையவர் ஒருவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருந்தார்.

"உங்கட அட்டை பழசுதானே அக்கா?"

"ஓம்."

"அப்ப சுகமான வேலை. அட்டை துலைஞ்சு போச்சு எண்டு பொலிசில ஒரு முறைப்பாடு போடுங்கோ. புது அட்டை வரும், பன்னிரண்டு இலக்கத்தோட. புது நம்பருக்கு ஒரு கடனும் இராது."

"அட்டை துலையேல்லையே."

"அது எனக்கும் உங்களுக்கும்தானே தெரியும்."

"பழைய நம்பரையும் புது நம்பரையும் ஒண்டாப் பாத்தா?"

"அதையெல்லாம் எங்கட ஆக்கள் பாத்துக்கொள்ளுவினம். ஒரு கிழமையில முடியும். இருபத்தையாயிரம். அரைவாசி இப்ப."

"ரசீது தருவீங்களோ?"

அவர் சிரித்தார். "இதுக்கு ரசீது எழுதிற வழக்கம் இல்லை அக்கா. நீங்கள் கன கேள்வி கேக்கிறியள்."

கோப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். படியில் நின்று ஒரு கணக்குப் போட்டேன் என்பதையும் எழுத வேண்டும். ஒரு கிழமையில் முடியும் என்று அவர் சொன்னது உண்மையானால் மாதக் கடைசிக்கு இன்னும் நாட்கள் மிஞ்சும். பொலிசுக்குக் கொடுக்கும் பொய் முறைப்பாடு ஒரு குற்றம். அது பிடிபட்டால் கடன் மட்டுமல்ல, நானே உள்ளே போய்விடுவேன். அந்தக் கணக்கு முடியும்வரை நான் கீழே இறங்கவில்லை. நல்லவள் என்பதால் இறங்கினேன் என்று சொல்ல மாட்டேன்.

கம்பனிக் கந்தோரில் முகாமையாளர் என் அறிக்கையைப் பார்த்தார். முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

"கட்டிப்போட்டீங்கள் எண்டா அண்டைக்கே முடிஞ்ச கணக்கு எண்டு போட்டுவிடுவம் மிஸ்."

"முடிஞ்சது எண்டு வரும். நான் பிணை நிண்டதும், கட்டாமல் விட்டதும் அழியுமோ?"

"அது பதிவில கிடக்கும்."

"நான் பிணை நிக்கேல்லை. படிவத்தைக் காட்டுங்கோ."

"அது எந்தக் காலத்துப் படிவம்..."

"நான் இருக்கிறன். தேடுங்கோ."

ஒன்றரை மணிநேரம் இருந்தேன். பிறகு அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் எழுத்து. ஒரு வெட்டுக்கூட இல்லை. கடன் எடுத்தவர்: இப்போது குவைத்தில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண். பிணையாளர்: எங்கள் சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அக்கா. அவருடைய பெயர், அவருடைய கையெழுத்து. அடையாள அட்டை இலக்கம் என்ற இடத்தில் மட்டும் இலக்கம் இல்லை. 'கிராம அலுவலரின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது' என்று நானே எழுதியிருந்தேன். இடப்பெயர்வில் அட்டையைத் தொலைத்தவர்கள் அந்நாட்களில் அந்தக் கடிதத்தைத்தான் எல்லா இடமும் காட்டினார்கள். அக்காவுக்குப் புது அட்டை வர அதற்குப் பிறகும் காலம் எடுத்தது.

அந்தப் பக்கத்தின் கீழே சாட்சிக் கோடு. அதில் என் இலக்கம், அச்சடித்த மாதிரி.

நடந்தது விளங்கிவிட்டது. படிவத்தைக் கணினியில் ஏற்றியவருக்குப் பிணையாளரின் இலக்கம் வேண்டும். அது இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. பக்கத்தில் மிச்சமாக இருந்த ஒரே இலக்கம் என்னுடையது.

"கடிதத்தைக் கணினி எடுக்காது மிஸ்" என்றார் முகாமையாளர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பிழை எங்கடதுதான். ஆனா வெறுமையா விடவும் ஏலாது. அந்த அம்மாவின்ர இப்பத்தைய அட்டையும், கையெழுத்து தன்ரதுதான் எண்டு ஒரு சத்தியக் கடதாசியும் தந்தா தலைமைக் கந்தோரில கெதியா மாத்துவினம்."

"அவா தராட்டி?"

"நீங்கள் கொழும்புக்கு முறைப்பாடு போடலாம். அவை எங்களைக் கேப்பினம். நாங்கள் பதில் எழுதுவம். அது தன்ர பாட்டில போகும்."

படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கினேன். அன்றே கொழும்பில் கடன் அறிக்கைகளை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு முறைப்பாட்டுப் படிவம் நிரப்பி, பிரதியை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த அலுவலகம் தானாக எதையும் அழிக்காது. கடன் கொடுத்த நிறுவனம் திருத்தினால்தான் அறிக்கை திருந்தும். அதை நான் முதலிலேயே வாசித்து வைத்திருந்தேன். ஆகவே வழி இரண்டு. அக்காவிடம் போகாமல் காத்திருப்பது ஒன்று, மாதங்களாகலாம். அக்காவிடம் போவது மற்றது; மாதக் கடைசிக்குள் முடியலாம். எந்த வழியில் போனாலும் முடிவில் அந்தக் கடன் அவர் பெயரில்தான் விழும். வித்தியாசம் ஒன்றுதான்: இரண்டாவது வழியில் நான் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

அம்மாவுக்குச் சொன்னேன். அவர் காதுத் தோட்டைத் தொட்டார்.

"இதை அடகு வைச்சுக் கட்டிவிடு பிள்ளை. அவளிட்டப் போகாத. அவள் பாண் சுடப் போறணை அடுப்பு வைக்கப் போறன் எண்டு கூட்டுறவுச் சங்கத்தில கடனுக்கு எழுதிக் குடுத்திட்டு நிக்கிறாள்."

"கட்டினாலும் என்ர பேரில கிடக்கும் அம்மா. கட்டினா நான்தான் பிணை எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி."

"அப்ப அவளுக்குப் போறணை?"

நான் பிரதியை மடித்துக் கோப்பில் வைத்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு, காலைச் சாப்பாட்டுக் கூட்டம் முடியும் நேரமாகப் பார்த்துப் போனேன். அக்கா இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன இஞ்சினியர், இந்தப் பக்கம்? என்ர மிக்ஸிக்கு இண்டைக்கு வருத்தமில்லை."

"மிக்ஸிக்கு இல்லை அக்கா. ஒரு படிவம் காட்டோணும்."

"படிவமோ? நீ படிவத்தோட வந்தா எனக்குப் பயம்."

கைகளைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டார். நான் ஒழுங்காகச் சொன்னேன்: இது உங்கள் கையெழுத்து, இது நீங்கள் பிணை நின்ற கடன், இது தவறுதலாக என் பெயரில் இருக்கிறது, நீங்கள் சத்தியக் கடதாசி தந்தால் என் பெயர் போய் உங்கள் பெயர் வரும். கடைசி வசனத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் உடனேயே கையெழுத்து வைத்திருப்பார். அது எனக்குத் தெரியும்.

"வந்தா?"

"கம்பனி உங்களிட்டக் காசு கேக்கும். சங்கத்தில கடனுக்குப் பாத்தாலும் தெரியும்."

அக்கா படிவத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். அவரால் வாசிக்க முடியாத மொழி. தன் கையெழுத்தை மட்டும் விரலால் தடவினார்.

"இதில பிணை எண்டு எங்க கிடக்கு?"

சொல்லைக் காட்டினேன்.

"அண்டைக்கு நீதானே நிரப்பினனீ?"

"ஓம் அக்கா."

"இந்தச் சொல் உனக்கு விளங்கினதோ?"

"விளங்கினது."

"அப்ப 'அக்கா, இது பிணை, அவள் கட்டாட்டி நீங்கள்தான் கட்டோணும்' எண்டு ஒரு வார்த்தை சொன்னனியோ? நான் என்ன நினைச்சன் தெரியுமோ? அவள் நல்ல பிள்ளை எண்டு ஊருக்காக ஒரு கையெழுத்து."

நான் சொல்லவில்லை. வரிசையில் பெண்கள் நின்றார்கள், உத்தியோகத்தர் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கையெழுத்து வைக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"போட்டு வா" என்றார். "நான் யோசிக்கோணும்."

நான்கு நாட்கள் போயின. பட்டறையில் ஒரு மோட்டாரின் கொயிலை இரண்டு முறை பிழையாகச் சுற்றி இரண்டு முறை அவிழ்த்தேன். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். மூன்றாம் நாள் நானா கைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, மத்தவர் முற்பணத்தைக் கையில வச்சிட்டு நிக்கிறார். உங்கட வங்கி என்ன சொல்லுது?"

"ஒரு பதிவு திருந்தோணும் நானா. நாள் இருக்குத்தானே?"

"நாள் இருக்கு. நான் சொன்ன சொல் மாறமாட்டன். ஆனா நாளும் நிக்காது."

ஐந்தாம் நாள் அக்கா பட்டறைக்கே வந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அது அவர் சாதாரணமாகச் செய்வதல்ல. உள்ளே வரவில்லை. வாசலில் நின்று கைபேசியை நீட்டினார்.

"கேள் இதை."

குவைத்திலிருந்து வந்த குரல் செய்தி. கடன் எடுத்த பெண் அழுகைக்கும் கோபத்துக்கும் நடுவில் பேசினாள்: "அக்கா, அவங்கள் கந்தோரையே பூட்டிட்டுப் போட்டாங்கள், காசு வாங்க வாறவனும் வாறேல்லை, நான் எல்லாம் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். இஞ்ச நாலு மாசமாச் சம்பளம் தரேல்லை. தந்தால் அனுப்பிறன், மாதாவாணை அனுப்பிறன்."

"நான் என்ன கேட்டன் தெரியுமோ?" என்றார் அக்கா. "கந்தோரைப் பூட்டினாக் கடன் செத்துப்போகுமோடி எண்டு கேட்டன். அதுக்குப் பிறகு அவள் போனை எடுக்கேல்லை."

சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

"எப்ப போகோணும்?"

"அக்கா, நீங்கள் மாட்டன் எண்டு சொல்லலாம். நான் கொழும்புக்கு எழுதிப்போட்டன். அது தன்ர பாட்டில நடக்கும்."

"நடந்தா அப்பவும் என்ர பேர்தானே வரும்?"

"ஓம்."

"பிறகென்ன. கையெழுத்து என்ரதுதான். அதை இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா உன்னில எனக்குக் கோவம். அது வேற."

சத்தியக் கடதாசியை நான்தான் தமிழில் எழுதினேன். முதல் பந்தியில், பிணையாளர் என்ற இடத்தில் இருப்பது தன் கையெழுத்து என்றும், சாட்சியாக நின்றவருக்குப் பொறுப்பு இல்லை என்றும் இருந்தது. இரண்டாவது பந்தி முகாமையாளர் கேட்டதல்ல. படிவம் தனக்குத் தெரியாத மொழியில் இருந்தது என்றும், அதை நிரப்பியவர் பிணை என்பதன் பொருளைத் தனக்கு விளக்கவில்லை என்றும், கடன் நிலுவையாக இருப்பதை இத்தனை வருடங்களில் கம்பனி ஒருமுறைகூடத் தனக்கு அறிவிக்கவில்லை என்றும் எழுதினேன். நிரப்பியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். சமாதான நீதவான் வீட்டில், கையெழுத்து வைக்க முன், எல்லாவற்றையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு வசனமாக, நிறுத்தி நிறுத்தி.

"அப்ப நீ எனக்கு எதிராயும் எழுதுவாய், எனக்காயும் எழுதுவாய்" என்றார் அக்கா.

சமாதான நீதவான் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் எங்கள் இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே பக்கமோ, எதிர்ப் பக்கமோ?"

"எங்களுக்கே விளங்கேல்லை ஐயா. நீங்கள் முத்திரையைக் குத்துங்கோ" என்றார் அக்கா.

வவுனியாவுக்கு இருவரும் ஒன்றாகப் போனோம். முகாமையாளர் முதல் பந்தியை விரைவாகவும் இரண்டாவது பந்தியை மெதுவாகவும் வாசித்தார். பிறகு எழுந்து உள்ளே போய்த் தொலைபேசியில் வெகு நேரம் கதைத்தார். திரும்பி வந்து, தாமத வட்டி முழுவதையும் கழித்துவிடுவதாகவும், மிகுதி முதல் தொகையைப் பத்து மாதங்களில் கட்டலாம் என்றும் சொன்னார். எழுத்தில் கேட்டேன். எழுதித் தந்தார். அக்கா அந்தத் தாளை என்னிடம் தரவில்லை. மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் பேருந்தில் அவர் யன்னல் பக்கம் இருந்தார். பேருந்து மாங்குளத்தைத் தாண்டியது. பிறகு, "போறணைக்குச் செங்கல் இறக்கிப்போட்டன், நானூறு" என்றார். அவ்வளவுதான்.

தலைமைக் கந்தோர் 'கெதியாக' என்பதற்கு வைத்திருந்த அளவு வேறு. மாதக் கடைசி வந்தது. நானா காலையிலேயே அழைத்தார். நான் அவரைக் கேட்க வைக்கவில்லை. அறையை மற்றவருக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். "வேற அறை வந்தாச் சொல்லுறன் தங்கச்சி" என்றார். திருத்தம் நடந்துவிட்டது என்ற கடிதம் அதற்குப் பதினெட்டு நாட்களுக்குப் பிறகு வந்தது. கடிதத்தை நம்பாமல், கட்டணம் கட்டி அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

இன்றைய நிலை இது. என் அறிக்கையில் பிணையாளர் என்ற பகுதி வெறுமை. வங்கியில் அதே பதினான்கு ஆவணங்களோடு மறுபடி விண்ணப்பித்து ஒன்பது நாட்கள் ஆகின்றன. மேலிடத்துக்குப் போயிருக்கிறது, முடிவு வரவில்லை. அறை இல்லை. கடன் கைக்கு வந்த பிறகுதான் வேறு அறை பார்ப்பேன். அந்தப் பழைய சிறுகடன் இப்போது அக்காவின் பெயரில் இருக்கிறது. இரண்டு தவணை கட்டிவிட்டார், ஒன்று தன் பணத்தில், மற்றது குவைத்திலிருந்து வந்தது. சங்கம் அவருடைய விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறது, கட்டி முடித்த பிறகு வரச் சொல்லி. கடைக்குப் போனால் சாப்பாடு தருகிறார், மிச்சக் காசை எண்ணித் தருகிறார். இஞ்சினியர் என்று இன்னும் கூப்பிடவில்லை.